தொடை எலும்பு முறிவுக்கு எந்த பிளேட், எந்த முறை?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் குடியாத்தத்தில் வசிக்கிறோம். 66 வயதான என் தாயார் வாசற்படியில் தடுக்கி விழுந்ததில், வலது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே நொறுங்கிவிட்டது. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. காலைத் திறந்து சாதாரண பிளேட் வைத்து, இடுப்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து நிரப்பலாம் என்கிறார் ஒரு மருத்துவர். சிறு கீறல்கள் வழியாக லாக்கிங் பிளேட் வைப்பதே நல்லது என்கிறார் இன்னொருவர். அதற்குச் செலவு அதிகம். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பள்ளிகொண்டா அருகே பைக் விபத்தில் தொடை முறிந்தபோது ராடு வைத்து மூன்றாம் நாளே நடக்க வைத்தார்கள். அம்மாவுக்கு ஏன் அப்படிச் செய்யக்கூடாது? லாக்கிங் பிளேட் வைத்துக்கொண்ட எங்கள் உறவினரின் எக்ஸ்ரேயில் பாதித் துளைகளில் ஸ்க்ரூவே இல்லை. இது சரிதானா? வீட்டுப் பெரியவர்களோ புத்தூர் கட்டே போதும் என்கிறார்கள். அம்மா பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மறுபடி தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்பதுதான் அவர் கேட்கும் ஒரே கேள்வி.

பதில்: அன்புள்ள ஐயா, நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே படங்களைப் பார்த்ததுமே சுருக்கமான பதிலை உங்களுக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன், இந்த வயதில் தொடை எலும்பு முறிந்து படுத்திருப்பவரைப் பத்திரிகை அச்சாகும் வரை காக்க வைக்க முடியாது. இதே குழப்பத்தோடு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து பலரும் வருவதால், உங்கள் சம்மதத்துடன் அந்தப் பதிலையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

பெரியவர்கள் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். வட ஆற்காட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆந்திர எல்லையைத் தாண்டிப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருபவர்கள். எலும்பு விலகாத சிறு முறிவுகள் அந்தக் கட்டில் கூடிவிடுவதை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நம்பிக்கையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொடை எலும்பின் நிலை வேறு. உடலிலேயே பருத்த தசைகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. எலும்பு முறிந்த கணத்திலேயே அவை இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடுகின்றன. வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டும் அந்த இழுப்பைத் தாங்காது. முறிவு முழங்காலுக்கு மேலே இருந்தால் கெண்டைக்கால் தசை கீழ்த்துண்டைப் பின்பக்கம் சாய்த்துவிடும். உங்கள் தாயாரின் பக்கவாட்டுப் படத்தில் அது தெளிவாகவே தெரிகிறது. அப்படிச் சாய்ந்த துண்டின் கூர்முனைக்கு நேர் பின்னால்தான் பாதத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனி ஓடுகிறது. அந்த இடத்தை எண்ணெய் விட்டு நீவவோ இழுத்துக் கட்டவோ கூடாது. அதோடு, கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்கையில் கிடத்தினால், சர்க்கரை நோய் உள்ள மூதாட்டிக்குப் படுக்கைப் புண், நுரையீரல் சளி, காலில் ரத்தக்கட்டு ஆகிய மூன்றும் எலும்பு கூடுவதற்கு முன்பே வந்து நிற்கும். ஆகவே அறுவை சிகிச்சை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு முறிந்தது தொடை எலும்பின் நடுத்தண்டு. அங்கே எலும்பு குழாய் போல இருக்கும். சுவர் தடித்தும் உள்துளை குறுகியும் இருக்கும். அந்தத் துளைக்குள் நீண்ட ராடு இறுக்கமாக அமர்ந்து, எடை இறங்கும் கோட்டின் நடுவிலேயே நின்று சுமையைத் தாங்கிக்கொள்ளும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் கூண்ட்ஷர் 1939ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிவைத்த முறை இது. வயது வந்தோரின் நடுத்தண்டு முறிவுக்கு இன்று உலகெங்கும் முதல் தேர்வு ராடுதான். உள்துளை மிகக் குறுகியிருந்தாலோ, ஏற்கெனவே பொருத்திய கருவி வழியை மறித்தாலோதான் அங்கே பிளேட்டை நாடுவோம். உங்கள் தாயாருக்கு முறிந்திருக்கும் இடத்தில் எலும்பு அகன்று, சுவர் மெலிந்து, உள்ளே பஞ்சு போல இருக்கிறது. மேலிருந்து இறக்கும் ராடு அங்கே பிடிப்பில்லாமல் ஆடும். முழங்கால் வழியாக மேல்நோக்கிச் செலுத்தும் ராடு ஒன்று உண்டு. கீழ்த்துண்டில் குறைந்தது இரண்டு குறுக்கு ஸ்க்ரூக்களுக்கு நல்ல இடம் இருந்தால் அது பிளேட்டுக்கு ஈடான பலனைத் தரும். உங்கள் தாயாரின் கீழ்த்துண்டு மிகவும் குட்டையானது. அதனால்தான் இரண்டு மருத்துவர்களும் ராடு பற்றிப் பேசவில்லை என்று கருதுகிறேன்.

இனி பிளேட். இரு மருத்துவர்களும் சொன்னவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு பிளேட்டும் எலும்பை எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

1958இல் சுவிட்சர்லாந்தில் சில அறுவை மருத்துவர்கள் ஒன்றுகூடித் தொடங்கிய ஏஓ என்னும் ஆய்வுக்குழுதான் இன்றைய பிளேட் முறைகளுக்கு அடித்தளம் இட்டது. மாவுக்கட்டிலேயே மாதக்கணக்கில் கிடந்து மூட்டு இறுகிப்போன நோயாளிகளைப் பார்த்த அவர்கள், முறிந்த முனைகளை மயிரிழை இடைவெளியும் இல்லாமல் அழுத்திச் சேர்த்துவிட்டால் மறுநாளே மூட்டை அசைக்கலாம் என்று கண்டார்கள். 1969ஐ ஒட்டி வந்த கம்ப்ரெஷன் பிளேட்டின் துளைகள் நீள்வட்டமாகவும் ஒரு பக்கம் சரிவாகவும் அமைக்கப்பட்டன. ஸ்க்ரூவைத் துளையின் ஓரத்தில் வைத்து முடுக்கும்போது அதன் தலை அந்தச் சரிவில் இறங்கி, பிளேட்டை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்த்தும். முறிந்த முனைகள் ஒன்றையொன்று நெருக்கும். நேராக இரண்டு துண்டாக முறிந்த, உறுதியான இளவயது எலும்பில் இது இன்றும் மிக அழகாக வேலை செய்கிறது. 'சாதாரண பிளேட்' என்று உங்களிடம் சொல்லப்பட்டது இந்த வகைதான். சாதாரணம் என்பதால் அது மட்டம் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அழுத்திச் சேர்ப்பதற்கு இரண்டே முனைகள் இருக்க வேண்டும். உங்கள் தாயாரின் எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருக்கிறது, அழுத்தினால் கால் குட்டையாகும். அடுத்து, அந்த பிளேட் எலும்போடு இறுக ஒட்டி, உராய்வினால்தான் நிற்கிறது. அந்த இறுக்கத்தைத் தருவது ஸ்க்ரூ எலும்புக்குள் கவ்வும் கவ்வு மட்டுமே. எலும்பு தேய்ந்தவர்களுக்கு அது உதிரும் சுண்ணாம்புச் சுவரில் அடித்த ஆணிதான். நடக்கத் தொடங்கியதும் ஓரத்து ஸ்க்ரூ முதலில் தளரும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. மூன்றாவது நிபந்தனையை நான் மற்ற இரண்டையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். எலும்பு முறிந்தவுடன் அதன் மஜ்ஜை வழியாக வரும் ரத்த ஓட்டம் அறுபட்டுவிடுகிறது; அதன் பிறகு துண்டுகளுக்கு உயிர் கொடுப்பவை எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வும், அதோடு ஒட்டியிருக்கும் தசைகளுமே. பிளேட்டைப் பதிக்க அந்தச் சவ்வை நீளமாக உரித்து, ஒவ்வொரு துண்டையும் வெளியே எடுத்துப் பொருத்தினால், படம் பார்க்க ஒழுங்காக இருக்கும். துண்டுகளோ ரத்தமின்றிக் கிடக்கும். பழைய முறையில் இடுப்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து நிரப்பும் வழக்கம் வந்ததற்கு இந்த இழப்பும் ஒரு காரணம். தொற்று வந்தால் அந்த உயிரற்ற துண்டுகளில்தான் முதலில் தங்கும். சர்க்கரை நோயாளிக்கு அந்த அபாயம் இன்னும் கூடுதல்.

லாக்கிங் பிளேட்டில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை இருக்கும், பிளேட்டின் துளையிலும் மரை இருக்கும். இரண்டும் பூட்டிக்கொள்வதால் ஸ்க்ரூ சாயாது. ஒரு ஸ்க்ரூ மட்டும் தனியாகத் தளர்ந்து வெளியே வர முடியாது. வந்தால் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். பிளேட் எலும்பை அழுத்த வேண்டிய தேவையே இல்லாததால் சவ்வு நசுங்குவதில்லை. எலும்பு தேய்ந்தவர்களின் முழங்காலை ஒட்டிய முறிவுக்கு இந்தப் பிடிப்பு பெரிய உதவி. 2000ஆம் ஆண்டையொட்டி இது பரவலான பிறகு, முன்பு நாங்கள் தயங்கிய முறிவுகளைக்கூட நிலைநிறுத்த முடிகிறது.

உங்களிடம் இரண்டாவது மருத்துவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: ஒன்று பிளேட்டின் வகை, மற்றொன்று அதை உள்ளே வைக்கும் விதம். லாக்கிங் பிளேட்டையும் நீளமாகத் திறந்து வைக்கலாம். அப்படி வைத்தால் அதன் பாதி நன்மை போய்விடும். சிறு கீறல் முறையில் முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு கீறல் இட்டு, தொடைத் தசைக்கு அடியில், சவ்வுக்கு மேலே, பிளேட்டை மேல்நோக்கி நழுவவிட்டு, அறுவையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவியின் திரையில் பார்த்தபடி மேலே சிறு துளைகள் வழியாக ஸ்க்ரூக்களைப் போடுவார்கள். நொறுங்கிய பகுதியை யாரும் தொடுவதில்லை. அங்கே உறைந்திருக்கும் ரத்தம் கலையாமல் இருப்பதால், அதிலிருந்தே புது எலும்பு முளைத்து இரு பக்கங்களையும் இணைக்கிறது. இடுப்பிலிருந்து துகள் எடுக்கும் தேவை பெரும்பாலும் ஏற்படுவதில்லை.

இந்த முறைக்கு ஒரு கடினமான பக்கம் உண்டு. குடும்பத்தார் அதை அறிந்திருக்க வேண்டும். முறிவைக் கண்ணால் பார்க்காமல் சேர்ப்பதால், காலின் நீளம், திருகல், முழங்காலின் கோணம் மூன்றையும் மருத்துவர் வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். நான் என் அறுவை அரங்கில் இரண்டு கால்களையும் கழுவி, துணியால் மூடாமல் வைப்பதன் காரணம் இதுதான். நல்ல காலே அளவுகோல். பின்பக்கம் சாய்ந்த கீழ்த்துண்டை நிமிர்த்த, முழங்காலுக்கு அடியில் துணிச் சுருளை வைத்து, மடக்கிய நிலையில்தான் பிளேட்டைப் பொருத்துவோம். அந்தச் சுருள் இரண்டு விரற்கடை மேலேயோ கீழேயோ போனால் திரையில் எலும்பின் கோடு மாறுவது தெரியும். இன்னொன்று: லாக்கிங் ஸ்க்ரூ தானாக எலும்பை இழுத்துச் சேர்க்காது. இடைவெளியோ கோணலோ இருக்கும்போது பூட்டினால், அந்தக் கோணலே நிலைத்துவிடும். முதலில் நேராக்கிவிட்டுப் பிறகுதான் பூட்ட வேண்டும். ஆகவே பிளேட்டின் பெயரைவிட, அதை வைப்பவருக்கு இந்த முறையில் உள்ள பழக்கம் முக்கியம்.

இதைச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. கனடாவில் தொடையின் கீழ்முனை முறிவுகளுக்கு, சிறு கீறல் வழி வைக்கும் லாக்கிங் பிளேட்டையும், கோணம் மாறாத பழைய வகைக் கருவியான டைனமிக் காண்டைலார் ஸ்க்ரூவையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனால் அதில் புதிய பிளேட்டுக்கு எந்த மேன்மையும் தெரியவில்லை, மறு அறுவை சிகிச்சையும் அந்தப் பக்கமே அதிகமாக இருந்தது. ஆகவே உங்கள் முதல் மருத்துவரைப் பழைய காலத்தவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எலும்பு உறுதியாக இருந்திருந்தால், அவர் சொல்லும் வழியில் நானும் ஆட்சேபம் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் தாயாரின் எலும்பு மெலிந்து, நொறுங்கி இருப்பதால்தான் தசைக்கு அடியில் நழுவவிடும் நீளமான லாக்கிங் பிளேட்டை நான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஒரு நிலையில் மட்டும் திறந்துதான் ஆக வேண்டும். முறிவுக் கோடு கீழே இறங்கி முழங்கால் மூட்டின் வழுவழுப்பான பரப்பையே பிளந்திருந்தால், அந்தப் பரப்பைக் கண்ணால் பார்த்து, மேடு பள்ளம் இல்லாமல் சேர்த்து, ஸ்க்ரூவால் அழுத்தி நிறுத்த வேண்டும். அங்கே தோராயத்துக்கு இடமில்லை. மூட்டைத் திறந்து சரிசெய்துவிட்டு, மேலே நொறுங்கிய பகுதியைத் தொடாமல் பிளேட்டை நழுவவிடலாம். மூட்டின் பின்பாதி நெடுக்காகப் பிளந்திருப்பது சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. எனவே அறுவைக்கு முன் முழங்காலுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேளுங்கள். இரு மருத்துவர்களும் வேறுபட்டுப் பேசுவதற்குக் காரணம் அந்த ஸ்கேன் இல்லாததாகவே இருக்கலாம்.

காலியாக இருந்த துளைகளைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. பலர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, ஸ்க்ரூவை மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்று மனத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எல்லாத் துளைகளையும் நிரப்பினால்தான் நான் கவலைப்படுவேன். நொறுங்கிய முறிவில் பிளேட்டின் நீளம், நொறுங்கிய பகுதியின் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். துளைகளில் பாதிக்கும் குறைவாகவே ஸ்க்ரூ போட வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். முறிவுக்கு நேரே உள்ள துளைகளைக் காலியாக விட்டால், காலை ஊன்றும்போது பிளேட் அந்த நீளம் முழுவதிலும் இலேசாக வளைந்து நிமிரும். அந்த நுண்ணிய அசைவுதான் புது எலும்பை வளரத் தூண்டுகிறது. முறிவை ஒட்டி இருபுறமும் ஸ்க்ரூக்களை நெருக்கி முடுக்கினால் ஒன்று அசைவே இல்லாமல் எலும்பு வளராமல் போகும், அல்லது வளைவு முழுவதும் ஒரே துளையில் குவிந்து, சில மாதங்களில் பிளேட் அந்தத் துளையிலேயே முறியும். முறிந்த பிளேட்டுடன் வருபவர்கள் மட்டமான உலோகத்தைக் குறை சொல்வார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தால், குட்டையான பிளேட்டில் இடைவெளி இல்லாமல் ஸ்க்ரூ அடுக்கியிருப்பதையே பல முறை காண்கிறேன்.

செலவு விஷயத்தில், டைட்டானியம்தான் வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள். டைட்டானியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு வளைந்துகொடுக்கும். இந்த இடத்து முறிவில் அதனால் புது எலும்பு கூடுதலாக வளர்வதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயினும் தரமான துருப்பிடிக்காத எஃகில் செய்த நீண்ட லாக்கிங் பிளேட்டை முறையாக வைத்தால் எலும்பு கூடும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருந்தால், மருத்துவமனையில் சேரும்போதே அதைக் காட்டி, இந்த அறுவைக்கு அனுமதி கேளுங்கள். வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

சர்க்கரை இறங்கட்டும் என்று நாட்களைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அதிகமாக இருந்தாலும், இப்போதைய அளவை இன்சுலின் கொடுத்து ஓரிரு நாளில் கட்டுக்குள் கொண்டுவந்து அறுவை செய்ய முடியும். படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ரத்தக்கட்டு, நுரையீரல் தொற்று ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகிறது. பாதம் திடீரென்று குளிர்ந்து வெளுத்தாலோ, விரல்களை அசைக்க முடியாமல் போனாலோ, ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

அறுவைக்கு மறுநாளிலிருந்தே முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். வலிக்கிறது என்று தலையணை வைத்து அசையாமல் விட்டால் மூட்டு இறுகிவிடும், அதைப் பிறகு மீட்பது கடினம். காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது முறிவின் தன்மையைப் பொறுத்தது. முன்பெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விரல் நுனி மட்டும் தரையில் படும்படி நடக்கச் சொல்வோம். வயதானவர்களால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்த அளவைக் காப்பாற்ற முடிவதில்லை என்று கண்டதால், இப்போது முடிந்த அளவு ஊன்றவைக்கும் எண்ணம் வலுத்துவருகிறது. எலும்பு மிகவும் மோசமாக இருந்தால் உட்பக்கம் இரண்டாவது பிளேட்டோ, பிளேட்டோடு ராடும் சேர்த்தோ வைப்பதுண்டு. உங்கள் தாயாருக்கு அது தேவைப்படுமா என்று அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாசற்படியில் தடுக்கி விழுந்து தொடை எலும்பு நொறுங்கியது என்றால் அது எலும்புத் தேய்மானத்தின் அடையாளம். எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி பரிசோதனைகளும், அதற்கான மருந்துகளும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் சிகிச்சை பாதியில் நின்றதாகவே பொருள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எலும்பு நன்றாகக் கூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சர்க்கரையினால் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். முழங்கால் செங்கோணம் வரை மடங்கினால் நாற்காலியில் உட்காரலாம், மேற்கத்தியக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம். சம்மணமிட்டு உட்கார அதற்கும் மேலே வெகுவாக மடங்க வேண்டும். இந்த இடத்து முறிவுக்குப் பிறகு எல்லோருக்கும் அது திரும்புவதில்லை என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் பீடி சுற்றுவது கைவேலை. உட்கார வலி தாங்கும் நிலை வந்ததும், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, முறத்தை மடியில் வைக்காமல், முழங்கை மட்டத்துக்கு வரும் ஒரு சிறு மேசையில் வைத்துக் கொடுங்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து, வாக்கரோடு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு மறுபடி உட்காரட்டும். தரையில் உட்காருவதைப் பற்றி, எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது உறுதியானதும் உங்கள் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் முழங்காலை மடக்கிப் பார்த்து முடிவு சொல்லட்டும். அதுவரை யார் வற்புறுத்தினாலும் வேண்டாம்.